கரையைக் கட்டிப்போட்ட சட்டம்

கடலில் நின்று பாடிய கப்பல்களை அடக்க ஐரோப்பிய அரசுகள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய போர்

1967 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை. இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் கரைக்கு அப்பால் நங்கூரம் பாய்ச்சி நின்ற ‘கேலக்ஸி’ கப்பலிலிருந்து, பிற்பகல் 3 மணிக்கு, ‘ரேடியோ லண்டன்’ தன் கடைசி நிகழ்ச்சியை முடித்துக்கொண்டது. டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதன்பின் கேட்டது வெறும் இரைச்சல். அன்று மாலை அந்தக் கப்பலின் அறிவிப்பாளர்கள் கரையேறி, ரயில் பிடித்து, லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் வந்து இறங்கினார்கள். வரவேற்கத் திரண்டிருந்த ரசிகர் கூட்டம் பிளாட்பாரத்தில் முட்டி மோதியது. துக்கத்துக்கு அடையாளமாகக் கையில் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள் பலர்.

நள்ளிரவு 12 மணி அடித்ததும் கடல்சார் ஒலிபரப்புக் குற்றங்கள் சட்டம் அமலுக்கு வந்தது. மற்றக் கப்பல்களும் கோட்டைகளும் அதற்குள் அடங்கிவிட்டன. ‘ரேடியோ கரோலின்’ மட்டும் அடங்கவில்லை. அதன் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து, சட்டத்தை மீறியே ஒலிபரப்புவோம் என்று அறிவித்த ஜானி வாக்கருக்கு அப்போது வயது 22.

பாட்டுப் போட்டதற்காக ஒரு வல்லரசு தனிச்சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது ஏன்? அந்தச் சட்டம் எதைப் பிடித்து இழுத்தது? அது உண்மையில் வென்றதா?

பசி எங்கிருந்து வந்தது

1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வானொலி என்றால் பி.பி.சி. மட்டுமே. தனியார் தொலைக்காட்சி 1955-லேயே வந்துவிட்டது. தனியார் வானொலிக்கு மட்டும் இடமில்லை. பி.பி.சி.யிலும் இசைத்தட்டுகளை இஷ்டம்போலச் சுழலவிட முடியாது. இசைத்தட்டு நிறுவனங்களின் அமைப்போடும் இசைக்கலைஞர் சங்கத்தோடும் அது செய்துகொண்ட ஒப்பந்தப்படி, பதிவுசெய்த இசைக்கு ஒரு நாளில் சில மணி நேரம்தான். அந்த நேரத்தையும் எல்லா அலைவரிசைகளும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். தட்டு சுழன்றால் மேடைக் கலைஞனின் பிழைப்பு போய்விடும் என்ற சங்கத்தின் அச்சம் நியாயமானதுதான். ஆனால் அதன் விளைவு, நாடே முணுமுணுத்த ஒரு பாட்டை, அதைப் பாடிய குழுவின் குரலில் அல்லாமல், பி.பி.சி.யின் வாத்தியக் குழு வாசித்துக் கேட்கும் நிலை.

இளைஞர்களுக்கு இருந்த ஒரே வடிகால் ரேடியோ லக்சம்பர்க். அதுவும் இருட்டிய பிறகுதான். அலை ஏறி ஏறி இறங்கும். பாட்டின் நல்ல இடத்தில் குரல் கரைந்து போகும். போதாக்குறைக்கு, அதன் நேரத்தைப் பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் விலைக்கு வாங்கி வைத்திருந்தன. ஜார்ஜி ஃபேம் என்ற பாடகரின் தட்டைத் தூக்கிக்கொண்டு பி.பி.சி.க்கும் லக்சம்பர்க்குக்கும் அலைந்து, இரண்டு இடத்திலும் கதவு அடைபட்ட பிறகே சொந்தமாக வானொலி தொடங்கும் எண்ணம் வந்ததாக ரோனன் ஓ’ராஹிலி என்ற அயர்லாந்து இளைஞர் பின்னாளில் சொல்லிவந்தார்.

அவர் கண்டுபிடித்த வழி புதிதல்ல. 1958 ஆகஸ்டிலேயே டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே உள்ள நீரிணையில் ‘ரேடியோ மெர்க்கூர்’ ஒரு சிறு கப்பலிலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது. நெதர்லாந்துக் கரைக்கு எதிரே 1960 முதல் ‘வெரோனிகா’. ஸ்டாக்ஹோமுக்கு அருகே 1961-இல் ‘ரேடியோ நார்ட்’. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே கணக்குதான். கரையிலிருந்து சில மைல் வரைதான் நாட்டின் ஆட்சி. அதற்கு அப்பால் பொதுக்கடல். அங்கே நிற்கும் கப்பலுக்கு அதன் கொடி எந்த நாட்டினுடையதோ அந்த நாட்டுச் சட்டம்தான் செல்லும். பனாமா போன்ற நாட்டின் கொடியை ஏற்றிக்கொண்டால், எசமான் யாரும் இல்லை.

ஓ’ராஹிலியின் தந்தைக்கு அயர்லாந்தின் கிரீனோரில் ஒரு துறைமுகமே சொந்தமாக இருந்தது. ‘ஃபிரெடெரிசியா’ என்ற பழைய டேனிஷ் பயணிகள் கப்பலை அங்கே கொண்டுவந்து, 10 கிலோவாட் ஒலிபரப்பிகள் இரண்டையும் உயரமான கம்பத்தையும் பொருத்தினார்கள். அமெரிக்க அதிபர் கென்னடியின் சிறுமகள் கரோலினின் பெயரைக் கப்பலுக்குச் சூட்டினார் ஓ’ராஹிலி. 1964 மார்ச் 28, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை, சஃபோக் கரையில் உள்ள ஃபீலிக்ஸ்டோவுக்கு எதிரே ‘ரேடியோ கரோலின்’ பாடத் தொடங்கியது. மே மாதம் ‘ரேடியோ அட்லாண்டா’ என்ற போட்டி நிலையத்தின் கப்பல் ‘மி அமிகோ’ வந்தது. ஜூலையில் இரண்டும் கைகோத்தன. முதல் கப்பல் மான் தீவுக்குப் போய் ‘வடக்குக் கரோலின்’ ஆனது. மி அமிகோ எஸ்ஸெக்ஸ் கரையில் ‘தெற்குக் கரோலின்’ ஆகி நின்றது. அந்த ஆண்டு டிசம்பரில் டெக்சாஸ் பணக்காரர்களின் முதலீட்டில் ரேடியோ லண்டன் வந்து இறங்கியது. அமெரிக்கக் கடற்படையில் கண்ணிவெடி அகற்றும் வேலை பார்த்த கப்பல் அது.

கடலில் நின்றாலும் வேர் கரையில்

இந்தக் கப்பல்களைக் கடலில் சுற்றித் திரியும் சாகசக்காரர்களாகக் கற்பனை செய்துகொள்வது எளிது. உண்மையில் அவை ஒரே இடத்தில் நங்கூரமிட்டு மாதக்கணக்கில் ஆடிக்கொண்டே இருந்தவை. டீசல், குடிதண்ணீர், ரொட்டி, காய்கறி, புதிய இசைத்தட்டுகள், நேயர் கடிதங்கள், செய்தித்தாள் எல்லாமே கரையிலிருந்து சரக்குப் படகில்தான் வர வேண்டும். அறிவிப்பாளர்கள் இரண்டு வாரம் கப்பலில், ஒரு வாரம் கரையில் என்று மாறி மாறி வேலை பார்த்தார்கள். பொதுக்கடலுக்குப் போய் வந்தவர்கள் என்பதால் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் துறைமுகத்தில் சுங்கச் சோதனை உண்டு. அலை பெரிதானால் இசைத்தட்டின் மேல் ஊசி தாவும். அதைத் தடுக்க ஊசிக்கையின் மேல் செப்புக் காசை வைத்து அழுத்துவார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே வாந்தி எடுக்க ஓடியவர்கள் உண்டு.

1966 ஜனவரியில் ஒரு பனிப்புயல் இரவில் மி அமிகோ நங்கூரம் இழந்து கரையில் போய்த் தட்டியது. கரையிலிருந்து கயிறு கட்டி ஒவ்வொருவராக இழுத்துக் காப்பாற்றினார்கள். கப்பல் பழுது பார்க்கப்படும் வரை தன் கப்பலைக் கரோலினுக்குக் கொடுத்து உதவியவர், ஸ்வீடனின் ‘ரேடியோ ஸீட்’ நிலையத்தை நடத்திய பிரிட் வாட்னர் என்ற பெண்மணி. தன் நாட்டுத் தடைச்சட்டத்தை மீறிச் சிறை சென்றவர் அவர். இந்த வரலாற்றில் அவருக்குக் கிடைக்க வேண்டிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

விளம்பரம் பிடிக்கும் அலுவலகங்களும் கரையில்தான். கரோலினின் அலுவலகம் லண்டனின் செஸ்டர்ஃபீல்ட் கார்டன்ஸில், ரேடியோ லண்டனுடையது கர்ஸன் ஸ்ட்ரீட்டில். இரண்டும் பணக்காரத் தெருக்கள். பெயர்ப்பலகை மாட்டி, வரி கட்டி, வெளிப்படையாக வியாபாரம் நடந்தது. அரசு கடைசியில் கைவைத்ததும் இந்த இடத்தில்தான்.

அரசின் பக்கமும் நியாயம் இருந்தது

இளமைக்கும் முதுமைக்கும் நடந்த சண்டை, சுதந்திரத்துக்கும் அடக்குமுறைக்கும் நடந்த சண்டை என்று மட்டும் இந்தக் கதையைச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மத்திய அலை என்பது ஒரு நாட்டின் சொத்து அல்ல. இரவில் அது நூற்றுக்கணக்கான மைல் பாயும். யாருக்கு எந்த அலைவரிசை என்று ஐரோப்பிய நாடுகள் 1948-இல் கோபன்ஹேகனில் கூடிப் பிரித்துக்கொண்டன. கப்பல்கள் அந்தப் பங்கீட்டில் இல்லாதவை. யாரோ ஒருவருக்கு ஒதுக்கிய இடத்தில் வந்து உட்கார்ந்தவை. ஆபத்து நேரத்தில் கப்பல்கள் உதவி கேட்கும் அலைவரிசைக்கு இடையூறு வருமோ என்ற கவலையும் இருந்தது. பாடியவருக்கும் எழுதியவருக்கும் சேர வேண்டிய ராயல்டி விஷயத்தில் பொதுக்கடலில் கேள்வி கேட்க ஆள் இல்லை.

1965 ஜனவரி 22 அன்று ஸ்ட்ராஸ்பர்க் நகரில், ஐரோப்பிய கவுன்சிலின் உறுப்பு நாடுகள் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. நாட்டு எல்லைக்கு வெளியே இருந்து வரும் இத்தகைய ஒலிபரப்பைத் தடுக்க, ஒவ்வொரு நாடும் தன் குடிமக்களையும் தன் மண்ணையும் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்ற வேண்டும் என்பது அதன் சாரம். டென்மார்க்கும் ஸ்வீடனும் 1962-லேயே இதைச் செய்துவிட்டிருந்தன.

பிரிட்டனோ தயங்கியது. 1964-இல் வானொலிக்குப் பொறுப்பு வகித்தவர் தபால் துறை அமைச்சர் ரெஜினால்ட் பெவின்ஸ். அவர் காலத்தில் கரோலினுக்கான கப்பல்–கரை தொலைபேசித் தொடர்பை, அவசர காலம் தவிர, தபால் துறை நிறுத்தியது. அக்டோபரில் ஆட்சி மாறித் தொழிற்கட்சி வந்தபோது, பிரதமர் ஹெரால்ட் வில்சனுக்கு இருந்த பெரும்பான்மை வெறும் 4 இடம். லட்சக்கணக்கான வீடுகளில் காலை முதல் கேட்கும் ஒரு வானொலியை மூடி வாக்குகளை இழக்க யாருக்குத்தான் மனம் வரும்? புதிய அமைச்சர் டோனி பென் நாடாளுமன்றத்தில் எச்சரித்துக்கொண்டே இருந்தார், மசோதா வரவில்லை.

கோட்டையும் துப்பாக்கியும்

நிலைமையை மாற்றியது ஒரு சாவு.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் விமானங்களைச் சுட, பொறியாளர் கை மான்செல் வடிவமைத்த கோட்டைகள் தேம்ஸ் முகத்துவாரத்தில் கைவிடப்பட்டுக் கிடந்தன. கடலுக்குள் கால் ஊன்றிய இரும்புக் கூண்டுகள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் குறுகிய நடைபாலம். கப்பல் வாங்கப் பணம் இல்லாதவர்களுக்கு இவை வசதியாகின. ஷிவரிங் சாண்ட்ஸ் கோட்டையில் ‘ரேடியோ சிட்டி’யை நடத்தியவர் ரெஜினால்ட் கால்வர்ட். ரேடியோ அட்லாண்டாவின் பின்னணியில் இருந்த ஆலிவர் ஸ்மெட்லிக்கும் அவருக்கும் ஓர் ஒலிபரப்பி தொடர்பாகத் தகராறு. 1966 ஜூன் 20 அதிகாலையில் ஸ்மெட்லி தரப்பு அனுப்பிய ஆட்கள் படகில் வந்து கோட்டையில் ஏறி ஒலிபரப்பை நிறுத்தினார்கள். மறுநாள் இரவு கால்வர்ட் நேராக ஸ்மெட்லியின் கிராமத்து வீட்டுக்குப் போனார். அங்கே ஸ்மெட்லியின் துப்பாக்கிக்குப் பலியானார். தற்காப்புக்காகச் சுட்டேன் என்றார் ஸ்மெட்லி. ஜூரி அதை ஏற்று அவரை விடுதலை செய்தது.

இந்தச் சம்பவத்தில் காவல்துறை எதிர்கொண்ட கேள்வியை யோசித்துப் பாருங்கள். கோட்டையை ஆட்கள் கைப்பற்றி வைத்திருக்கிறார்கள். அந்த இடம் பிரிட்டனா, இல்லையா? சட்டம் செல்லும் என்றால் இத்தனை நாள் ஒலிபரப்பை ஏன் விட்டுவைத்தீர்கள்? செல்லாது என்றால் நாளை அங்கே எது நடந்தாலும் யார் பொறுப்பு? சட்டம் எட்டாத இடத்தில் பணம் புழங்கினால் அடுத்து வருவது அடியாள்தான். அரசின் வாதங்களிலேயே பலமானது இதுதான் என்பேன். ஜூலையில் பென் போய் எட்வர்ட் ஷார்ட் தபால் துறை அமைச்சரானார். அந்த மாத இறுதியிலேயே மசோதா வந்துவிட்டது.

கோட்டைகளை மடக்கப் புதுச்சட்டம் தேவைப்படவில்லை. 1964-இல் கடல் எல்லை அளக்கும் முறை மாறியிருந்தது. ஓதம் வற்றும்போது தலைகாட்டும் மணல்திட்டுகளும் கணக்கில் சேர்ந்தன. அந்தக் கணக்கில் பல கோட்டைகள் எல்லைக்கு உள்ளே வந்துவிட்டன. முன்னாள் ராணுவ மேஜர் ராய் பேட்ஸ், நாக் ஜான் கோட்டையில் ‘ரேடியோ எஸ்ஸெக்ஸ்’ நடத்தியதற்காக 1966 நவம்பரில் 100 பவுன் அபராதம் கட்டினார். ரேடியோ சிட்டி 1967 பிப்ரவரியில் மூடியது. பேட்ஸ் இன்னும் தள்ளி, எல்லைக்கு வெளியே இருந்த ரஃப்ஸ் கோபுரத்துக்குக் குடிபோய், 1967 செப்டம்பர் 2 அன்று அதைச் ‘சீலேண்ட்’ என்ற தனிநாடாகவே அறிவித்துக்கொண்டார். அது வேறொரு நெடுங்கதை.

சட்டத்தின் உள்ளே

1967 சட்டத்தை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். பொதுக்கடலில் நிற்கும் வெளிநாட்டுக் கொடிக் கப்பலில் பிரிட்டிஷ் போலீஸ் ஏறினால் சர்வதேசப் பிரச்சினையாகும். ஆகவே கப்பலைத் தொடவே இல்லை. அதில் வேலை பார்க்கும் பிரிட்டிஷ் குடிமகன் குற்றவாளி. கப்பலுக்கு எண்ணெய் கொடுப்பவர், ரொட்டி கொடுப்பவர், எந்திரத்தைப் பழுது பார்ப்பவர், ஆளையோ பொருளையோ படகில் கொண்டுபோகிறவர் குற்றவாளி. ஒலிபரப்பப் பாட்டோ பேச்சோ பதிவு செய்து கொடுப்பவர் குற்றவாளி. விளம்பரம் கொடுக்கும் வியாபாரி குற்றவாளி. நிகழ்ச்சி நேரத்தை அச்சிடும் பத்திரிகையும் குற்றவாளி. சாதாரண விசாரணையில் 3 மாதச் சிறை அல்லது 400 பவுன் அபராதம். மேல் நீதிமன்றம் போனால் 2 ஆண்டு வரை.

ஓர் இடத்தில் மட்டும் சட்டம் இளகியது. கப்பல் ஆபத்தில் இருந்தாலோ, உள்ளே இருப்பவர் நோய்ப்பட்டாலோ, உயிர் காக்கப் போகிறவர் மேல் குற்றம் இல்லை. இந்த விதிவிலக்கின் அருமை 13 ஆண்டு கழித்துத் தெரிந்தது.

வில்சன் அரசு எதிர்பாராத எதிர்ப்பு மான் தீவிலிருந்து வந்தது. அத்தீவு பிரிட்டிஷ் முடியின் கீழ் இருந்தாலும், டின்வால்ட் என்ற தனி நாடாளுமன்றம் உடையது. கடல் பார்க்கச் சுற்றுலாப் பயணிகளை அழைத்துவர வடக்குக் கரோலின் அத்தீவுக்குக் கிடைத்த இலவச விளம்பரம். 1964-இல் லண்டனே அனுமதித்த ‘மான்க்ஸ் ரேடியோ’ என்ற சிறு நிலையம் அங்கே சட்டப்படி விளம்பரத்தோடு இயங்கிக்கொண்டிருந்தது. அதன் சக்தியைக் கூட்டக் கேட்டபோது லண்டன் இணங்கவில்லை. கடல் ஒலிபரப்புச் சட்டத்தை டின்வால்ட் நிராகரித்தது. லண்டன் அரச ஆணை ஒன்றை வெளியிட்டு, செப்டம்பர் 1 முதல் தீவின் மேல் அதைத் திணித்தது. ஒரு பாப் பாட்டு நிலையத்துக்காகச் சின்னஞ்சிறு நாடாளுமன்றத்தின் தீர்மானத்தை மிதித்ததை, அரசின் நோக்கம் சரி என்று நினைக்கிற என்னாலும் நியாயப்படுத்த முடியவில்லை.

சட்டம் வேலை செய்தது. மெதுவாக, ஆனால் உறுதியாக. பிரிட்டிஷ் விளம்பரம் நின்றது. சரக்குப் படகுகள் நெதர்லாந்திலிருந்து வர வேண்டியதாயிற்று. செலவு ஏறியது, வரவு இறங்கியது. 1968 மார்ச் 3 அன்று, பாக்கி வராத டச்சுப் படகு நிறுவனம் இழுவைக் கப்பல்களை அனுப்பிக் கரோலினின் இரண்டு கப்பல்களையும் ஆம்ஸ்டர்டாமுக்கு இழுத்துப் போய்விட்டது. போலீஸ் வரவில்லை, கடற்படையும் வரவில்லை. கடன்காரர்தான் வந்தார்.

பாட்டுக்குப் பதில் பாட்டு

ஆனால் கடனும் தண்டனையும் மட்டுமே கப்பல்களை வென்றன என்று எடுத்துக்கொண்டால் பாதிக் கதைதான் படித்ததாகும். 1967 செப்டம்பர் 30 காலை 7 மணிக்கு, பி.பி.சி. தன் புதிய பாப் அலைவரிசை ‘ரேடியோ ஒன்’னைத் தொடங்கியது. முதலில் பேசியவர் டோனி பிளாக்பர்ன். கரோலினிலும் ரேடியோ லண்டனிலும் வேலை பார்த்தவர். கென்னி எவரெட், ஜான் பீல் எனக் கடலிலிருந்து வந்தவர்களே அங்கே நிறைந்திருந்தார்கள். நிலையத்தின் பெயர் சொல்லும் துள்ளல் இசையைக்கூட ரேடியோ லண்டனுக்குச் செய்து கொடுத்த அதே டல்லாஸ் நிறுவனத்திடம் பி.பி.சி. வாங்கியது. முந்தின மாதம்வரை குற்றமாக இருந்த பாணி, இப்போது அரசு நிறுவனத்தின் பாணி.

மற்ற நாடுகளைப் பாருங்கள். ரேடியோ நார்ட் பாடத் தொடங்கிய 1961-லேயே ஸ்வீடன் அரசு வானொலி ‘மெலடி ரேடியோ’வைத் தொடங்கியது. டென்மார்க்கில் 1963 ஜனவரியில் மூன்றாவது அலைவரிசை. நெதர்லாந்தில் 1965-இல் ‘ஹில்வெர்சம் 3’. கப்பல் எங்கெல்லாம் வந்ததோ அங்கெல்லாம் அரசு வானொலி இறங்கிவந்து பாடியது.

தமிழ் வாசகருக்கு இந்த நடப்பு பழக்கமானதுதான். 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்க, நேயர்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957-இல் விவித பாரதி வந்தது. இலங்கை வானொலி ஓர் அரசின் சட்டபூர்வ நிலையம். கப்பல்களோடு அதை ஒன்றாக்கக் கூடாது. ஆனால் நேயரின் மனம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

பிரிட்டன் விட்ட தவறு ஒன்று உண்டு. அது தனியார் வானொலியின் கதவைத் திறக்கவில்லை. முதல் தனியார் நிலையங்கள் லண்டனில் சட்டப்படி வந்தது 1973 அக்டோபரில். அந்த ஆறு ஆண்டு இடைவெளியில் கடல் மறுபடி பேசியது.

தேர்தல், குண்டு, சூறாவளி

1970-இல் ‘ரேடியோ நார்த் ஸீ’ என்ற நிலையம், சுவிஸ்காரர்கள் இருவருக்குச் சொந்தமான ‘மெபோ 2’ கப்பலில் எஸ்ஸெக்ஸ் கரைக்கு வந்து சேர்ந்தது. வில்சன் அரசு, அதன் அலைவரிசையிலேயே இரைச்சலை ஒலிபரப்பி அதைக் கேட்கவிடாமல் செய்தது. பனிப்போர் நாட்களில் மாஸ்கோ மேற்கத்திய நிலையங்களுக்குச் செய்ததை லண்டன் ஒரு பாட்டு நிலையத்துக்குச் செய்தது. ஜூன் 18 பொதுத்தேர்தல். 18 வயதினர் முதன்முதலாக வாக்களித்த பொதுத்தேர்தல் அது. கப்பல் தன் பெயரை ‘ரேடியோ கரோலின் இன்டர்நேஷனல்’ என்று மாற்றிக்கொண்டு தொழிற்கட்சிக்கு எதிராகப் பிரசாரத்தில் இறங்கியது. வில்சன் தோற்றார். கப்பலால்தான் தோற்றார் என்பது மிகை. ஆனால் உரிமமோ பொறுப்போ இல்லாத ஒரு குரல், கடலில் நின்றபடி ஒரு நாட்டின் தேர்தலில் தலையிட்டதை எந்தக் கட்சி அரசும் விரும்பாது. வெற்றி பெற்ற கன்சர்வேட்டிவ் அரசும் இரைச்சலை நிறுத்தவில்லை. கப்பல் ஜூலையில் நெதர்லாந்துப் பக்கம் திரும்பிப் போனது.

அங்கே காத்திருந்தது தொழில் போட்டி. 1971 மே 15 இரவு மூன்று பேர் ரப்பர் படகில் வந்து மெபோ 2-இன் பின்பகுதிக்குத் தீ வைத்தார்கள். கப்பல் எரிய எரிய அறிவிப்பாளர்கள் ஒலிபரப்பிலேயே உதவி கேட்டார்கள், உயிர்ச்சேதம் இல்லை. பின்னணியில் இருந்தது போட்டி நிலையமான வெரோனிகா. அதன் இயக்குநர் உட்படச் சம்பந்தப்பட்டவர்கள் சிறை சென்றார்கள். பத்தாண்டுக்கும் மேல் கண்டுகொள்ளாமல் இருந்த டச்சு அரசு இதன் பிறகுதான் ஸ்ட்ராஸ்பர்க் உடன்பாட்டைச் சட்டமாக்க முனைந்தது. வெரோனிகாவைக் காப்பாற்றக் கோரி 1973 ஏப்ரலில் ஹேக் நகரில் பெரும் பேரணி நடந்தது. பலனில்லை. 1974 ஆகஸ்ட் 31 அன்று வெரோனிகா கடலில் இருந்து விடைபெற்றது. பின்னர் டச்சு ஒலிபரப்பு அமைப்பிலேயே சட்டப்படி இடம்பிடித்தது.

இதற்குள் மி அமிகோவோடு மறுபடி கடலுக்கு வந்திருந்த கரோலின் மட்டும் தேம்ஸ் முகத்துவாரத்துக்கு நகர்ந்து, தொலைவில் இருந்து உணவும் எண்ணெயும் வரவழைத்துக்கொண்டு பிடிவாதமாக நின்றது. 1980 மார்ச் 19 இரவு, புயலில் நங்கூரம் அறுந்து மணல்திட்டில் மோதிய மி அமிகோவுக்குள் தண்ணீர் ஏறியது. உள்ளே நான்கு பேர். ஷீர்னெஸ் நிலையத்தின் ‘ஹெலன் டர்ன்புல்’ உயிர்காப்புப் படகு இருட்டில், மலைபோல் எழுந்த அலைகளுக்கு நடுவே, மூழ்கும் கப்பலின் பக்கவாட்டில் மீண்டும் மீண்டும் போய் ஒட்டி, ஒவ்வொருவராக எடுத்தது. அவர்கள் வளர்த்த ஒரு கேனரிப் பறவையும் தப்பியது. படகோட்டி சார்ல்ஸ் பௌரிக்கு உயிர்காப்பு நிறுவனம் வெள்ளிப் பதக்கம் வழங்கியது. கப்பல் போய்விட்டது, அதன் கம்பம் மட்டும் ஆண்டுக்கணக்கில் தண்ணீருக்கு மேல் நின்றது. ரொட்டி கொண்டுபோகத் தடை செய்த சட்டம், உயிரைக் கொண்டுவரத் தடை செய்யவில்லை.

கடைசிச் சுற்று

கரோலின் 1983 ஆகஸ்டில் ‘ராஸ் ரிவெஞ்ச்’ என்ற பழைய மீன்பிடிக் கப்பலில் 300 அடிக் கம்பத்தோடு திரும்பி வந்தது. அடுத்த ஆண்டு ‘லேசர் 558’ என்ற அமெரிக்கப் பாணி நிலையமும் வந்து பக்கத்தில் நின்றது. 1985-இல் வர்த்தகத் துறை ஒரு கண்காணிப்புக் கப்பலையே வாடகைக்கு அமர்த்தி இரண்டின் அருகிலும் நிறுத்தியது. யார் எண்ணெய் கொண்டுவருகிறார்கள், யார் உணவு கொண்டுவருகிறார்கள் என்று பேரெழுதுவதே அதன் வேலை. பழைய சூத்திரம்தான், கரையை அறு, கப்பல் தானாக வரும். லேசர் நவம்பரில் கையை உயர்த்தித் துறைமுகம் வந்தது. 1987-இல் பிரிட்டன் தன் கடல் எல்லையை 3 மைலிலிருந்து 12 மைலாக விரித்தது. ராஸ் ரிவெஞ்ச் இன்னும் தள்ளி, திறந்த கடலின் முழு அலையையும் வாங்கும் இடத்துக்குப் போனது. அவ்வாண்டு அக்டோபர் சூறாவளியைத் தாங்கிய கம்பம் நவம்பரில் முறிந்து விழுந்தது.

1989 ஆகஸ்ட் 19 அன்று டச்சு அதிகாரிகள், பிரிட்டிஷ் அதிகாரிகளும் உடன் இருக்க, பொதுக்கடலில் நின்ற அந்தக் கப்பலில் ஏறி ஒலிபரப்புக் கருவிகளை உடைத்தும் பிடுங்கியும் எடுத்துச் சென்றார்கள். நடப்பது நேரலையில் போய்க்கொண்டே இருந்தது, ஒலிபரப்பி அணையும் வரை. இதன் சட்ட அடிப்படை அன்றும் கேள்விக்குரியதாக இருந்தது. பொதுக்கடலில் இருந்து வரும் உரிமமற்ற ஒலிபரப்பைப் பெறும் நாடு அக்கப்பலில் ஏறலாம், கைது செய்யலாம் என்று 1982-இன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை 109-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த உடன்படிக்கை 1994 வரை நடைமுறைக்கே வரவில்லை. பிரிட்டன் தன் 1990 ஒலிபரப்புச் சட்டத்தில் அதிகாரிகளுக்கு அந்த அதிகாரத்தை, தேவைப்பட்டால் பலத்தைப் பயன்படுத்தும் அனுமதியோடு, எழுதிவைத்தது. 1967-இல் கப்பலைத் தொட அஞ்சிய அரசு, இப்போது கப்பலிலேயே ஏறத் துணிந்தது. என் பார்வையில் இது தேவையற்ற மிகை. அதற்குள் கரோலினின் நேயர் கூட்டம் சுருங்கிப் போயிருந்தது. கரையில் சட்டபூர்வத் தனியார் நிலையங்கள் பல பாடிக்கொண்டிருந்தன. அந்தச் சட்டம் அமலுக்கு வரும் முன்பே, 1990 நவம்பர் 5 அன்று, எரிபொருளும் பணமும் வற்றிய நிலையில் கரோலின் கடல் ஒலிபரப்பை நிறுத்திவிட்டது. மறு ஆண்டு கப்பல் புயலில் குட்வின் மணல்திட்டில் தட்டி, உள்ளே இருந்தவர்களை ஹெலிகாப்டர் தூக்கிக் காப்பாற்றியது.

கப்பல்கள் தீயவை என்று நான் சொல்லவில்லை. அவை இல்லாவிட்டால் பி.பி.சி. மாற இன்னும் எத்தனை ஆண்டு ஆகியிருக்குமோ. அரசு தலையிட்டதும் தவறில்லை. அலைவரிசைக்கு ஒழுங்கு வேண்டும், துப்பாக்கி வந்த இடத்தில் சட்டம் வந்தாக வேண்டும். தவறு வரிசையில்தான். நேயர் கேட்டதை முதலில் கொடுத்துவிட்டு, உரிமம் வழங்கி, அதன்பின் மீறுபவரைத் தண்டித்திருந்தால் 1967-லேயே முடிந்திருக்க வேண்டிய கதை இது. கதவைச் சாத்திவிட்டுத் தண்டித்ததால் இன்னும் 23 ஆண்டு இழுத்தது.

1967 சட்டத்தின் விதிகள் இன்றும் உயிரோடுதான் இருக்கின்றன. 2006-இன் கம்பியில்லாத் தந்திச் சட்டத்துக்குள் இடம் மாறியிருக்கின்றன. கரோலினோ, பிரிட்டிஷ் ஒழுங்குமுறை ஆணையம் ஆஃப்காம் 2017-இல் கொடுத்த உரிமத்தோடு, சஃபோக் கரையில் உள்ள ஆர்ஃபர்ட் நெஸ்ஸிலிருந்து 648 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பத் தொடங்கியது. ஒரு காலத்தில் பி.பி.சி. உலக சேவை பயன்படுத்திய அலைவரிசை அது. அந்த உரிமத்துக்கு அது காத்திருந்த காலம் 53 ஆண்டு.